செய்தி வாசிப்பவர் கையில் இருக்கும் பேனா

டிவியில் செய்தி வாசிப்பவர் கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். தாளைப் பார்த்து வாசித்த தூர்தர்ஷன் காலத்திலும் இருந்தது. எழுத்தெல்லாம் எதிரே டெலிபிராம்ப்டரில் ஓடுகிற இந்தக் காலத்திலும் இருக்கிறது. மேசைமேல் ஒரு கத்தைத் தாளும் உண்டு. செய்தி முடிந்து, விளக்கு மங்கி, பின்னணி இசை ஏறும்போது அந்தத் தாள்களை மேசையில் இரண்டு தட்டு தட்டி அடுக்குவார்கள், பேனாவை மூடுவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நமக்குக் கேட்காத ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பேனாவால் அவர்கள் ஒரே ஒரு எழுத்தாவது எழுதக் கண்டவர் தமிழ்நாட்டில் உண்டா என்பது என் சந்தேகம். சினிமா நடிகரிடம் ஆட்டோகிராஃப் வாங்கப் போனால் பேனா நாம் கொண்டுபோக வேண்டும், தாள் நாம் கொண்டுபோக வேண்டும், வைத்து எழுத யாராவது ஒருவர் முதுகையும் தர வேண்டும். செய்தி வாசிப்பவருக்கோ பேனா, தாள், மேசை, நாற்காலி எல்லாம் நிர்வாகமே ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது. கேட்பதற்கு ஆள் போகாததுதான் குறை.

நம் ஊரில் கையெழுத்தை இரண்டு காரியத்துக்காக வாங்குகிறோம். ஒன்று, இன்னாரைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள. இன்னொன்று, பிற்பாடு அவர் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று நழுவாமல் இருக்க. முதல் வகையில் நாம் சுமார்தான். இரண்டாம் வகையில் உலகத்துக்கே வகுப்பெடுக்கலாம். கைமாற்றாக ஐயாயிரம் கொடுத்தாலும் புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழுகிறதா என்று குனிந்து பார்க்கிற பரம்பரை நாம். ஆகையால் என் கட்சி இது: செய்தி வாசிப்பவரிடம் ரசிகராகப் போய் நிற்க வேண்டாம், கடன் கொடுத்தவராகப் போய் நில்லுங்கள். வெறும் நோட்டை நீட்டினால் ‘அன்புடன்’ என்று எழுதிப் பூ போட்டுக் கொடுத்துவிடுவார். அவர் வாசித்த செய்தியை நாமே எழுதி, தேதி போட்டு, ‘மேற்படி செய்தியை வாசித்தது நான்தான்’ என்று அடியில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும்.

இதைக் குத்தம்பாக்கத்தில் தொடங்கலாம் என்பது என் யோசனை. பூந்தமல்லி ஒன்றியத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையில் திருமழிசையைத் தாண்டினால் வருகிற ஊர். இளங்கோ ரங்கசாமி என்கிற கெமிக்கல் என்ஜினீயர் 1996இல் இங்கே பஞ்சாயத்துத் தலைவராக வந்த பிறகு, கிராம சபை என்று பேச்சு வந்தாலே கூடவே பெயர் அடிபடுகிற ஊராகிவிட்டது. கிராம சபைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி தினம் என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறார்கள். என்ன பேசினாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, வந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்னவருக்கும் கையெழுத்து, எரியும் என்று சொன்னவருக்கும் கையெழுத்து. பத்து வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் விளக்கு எரிகிறதோ இல்லையோ, சொன்ன ஆள் தெரிந்துவிடுவார். ஒரு தெருவிளக்குக்கே இவ்வளவு பந்தோபஸ்து இருக்கிற ஊரில், ஒரு பெரிய பஸ் நிலையத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்ன டிவிக்காரர்களிடம் எந்தப் பிடிமானமும் இல்லை என்பது எவ்வளவு பெரிய ஓட்டை!

பஸ் நிலையத்தின் கதை ஊரறிந்தது. கோயம்பேட்டின் நெரிசலைக் குறைக்க ஆந்திராப் பக்கத்து பஸ்களுக்கு மாதவரத்தில் 2018இலும், தெற்குப் பக்கத்து பஸ்களுக்குக் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30இலும் நிலையங்கள் திறந்தார்கள். காஞ்சிபுரம், வேலூர், பெங்களூர்ப் பக்கம் போகிற பஸ்களுக்குக் குத்தம்பாக்கம் என்று முடிவானது. சிஎம்டிஏ சுமார் 25 ஏக்கரில் வேலையைத் தொடங்கியது. அதன்பிறகு இந்த நிலையம் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே செய்தியில் ஏறிக்கொண்டது. மதிப்பீடு முதலில் 336 கோடி என்றார்கள், பிறகு 414 கோடி என்றார்கள். பணிகள் இத்தனை சதவீதம் முடிந்துவிட்டன என்றார்கள். ஆண்டு இறுதிக்குள் பயன்பாட்டுக்கு வரும் என்றார்கள், எந்த ஆண்டின் இறுதி என்று கேட்டுக் குடையாதவரை அதில் தவறே கிடையாது. அமைச்சர்கள் வந்து பார்வையிட்டார்கள். பார்வையிட்ட காட்சியும் அடுத்து வந்து பார்வையிட்ட காட்சியும் ஒன்றுபோலவே இருந்ததால், பழைய படத்தைத்தான் போடுகிறார்களோ என்று எண்ணியவர்களைக் குறை சொல்ல முடியாது. இடத்தின் பெயரே ஒரு சேனலில் குத்தம்பாக்கம், இன்னொன்றில் திருமழிசை. (அந்த ழகரத்தை நாக்கு மடியாமல் தாண்டிப் போனவர்களிடம் இரண்டு கையெழுத்து வாங்க வேண்டும்.) இந்தச் செய்திகள் ஒவ்வொன்றின் அடியிலும் வாசித்தவரின் கையெழுத்து இருந்திருந்தால், சென்னைப் பெருநகர வளர்ச்சி வரலாற்றில் அதைவிட நல்ல ஆவணம் கிடைத்திருக்காது.

உடனே ஒரு ஆட்சேபம் வரும்: பாவம், அவர்கள் வாசிக்கத்தானே செய்கிறார்கள்? எழுதியது யாரோ, சொன்னது அமைச்சர், தாமதமானது ஒப்பந்தக்காரரால், இதில் வாசித்தவர் என்ன செய்வார்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸில் பச்சை மையால் சான்றொப்பம் போடுகிற அதிகாரி அந்தப் பரீட்சையை எழுதியவரா? பத்திரப் பதிவின்போது சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் அந்த மனையை எட்டியாவது பார்த்தவரா? சாட்சிக்கு வந்த வழியில் டீ சாப்பிட்டவர், அவ்வளவுதான். நம் நாட்டில் கையெழுத்து என்பதே பெரும்பாலும் தான் செய்யாத காரியத்துக்குப் போடுவது. செய்தவர்கள் கையெழுத்துப் போடாமல் தப்பிப்பதால்தான் அப்படி ஒரு ஏற்பாடு உண்டானது. செய்தி வாசிப்பவர் சம்பளம் வாங்குவதும் இந்தச் சாட்சி வேலைக்குத்தான். வெறும் எழுத்தைத் திரையில் ஓடவிட்டாலும் செய்தி நமக்குப் புரியும். ஒரு முகம் வந்து சொன்னால்தான் நாம் நம்புகிறோம்.

முகத்துக்கு இருந்த அந்த மதிப்புக்கு 1984 அக்டோபர் 31ஐவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. இந்திரா காந்தியைக் காலை ஒன்பது மணிவாக்கில் சுட்டார்கள். பிபிசி பகலிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சாயங்காலம் தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் வந்து வாசித்த பிறகுதான் அது அதிகாரபூர்வமாக நடந்தது. காதோரம் ரோஜா வைத்து வருவதற்காக நாடே கவனித்த அந்த அம்மா, அன்றைக்கு இந்திய அரசின் முத்திரையாகவே உட்கார்ந்திருந்தார். சென்னையில் 1975 ஆகஸ்ட் 15இல் தூர்தர்ஷன் தொடங்கிய பிறகு நமக்கும் முத்திரைகள் கிடைத்தன. ஷோபனா ரவி, பாத்திமா பாபு, டி.வி. வரதராஜன் என்று பெயர் சொன்னால் இன்றைக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள். வரதராஜன் மேடை நாடகக் குழுவே நடத்தினார். செய்தியில் சிரிக்காத மனிதர் மேடையில் சிரிக்க வைப்பதைப் பார்க்க ஜனம் சபாவுக்குப் போனது. பிறகு 1993இல் சன் டிவி வந்தது. அதில் நிர்மலா பெரியசாமி சொன்ன ஒரு வணக்கத்தின் நீளத்துக்குள் அடுப்பில் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காரலாம். இவர்களிடம் ஆட்டோகிராஃப் வாங்கியவர்கள் அநேகம் பேர் இருப்பார்கள். எல்லாரும் ‘வாழ்த்துகளுடன்’ என்பதற்குக் கீழே வாங்கினார்களே ஒழிய, ‘அடுத்த 24 மணி நேரத்தில் மிதமான மழை’ என்பதற்குக் கீழே வாங்கிய புத்திசாலி ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை. குடையும் மிஞ்சியிருக்கும், ஆதாரமும் மிஞ்சியிருக்கும்.

சிலர், கையெழுத்து வாங்குவதானால் களத்தில் நிற்கிற நிருபரிடம் வாங்குங்கள் என்பார்கள். இதை நான் மதிக்கிறேன். 2020 மே மாதம் கொரோனாவுக்காகக் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை மூடித் திருமழிசைக்குக் கொண்டுவந்தபோது, செப்டம்பர் கடைசியில் அது திரும்பிப் போகும்வரை இந்தப் பக்கத்தில் நிருபர்களுக்குப் பஞ்சமில்லை. மழை பெய்து சேறாகிப்போன மார்க்கெட்டில், அழுகின தக்காளிக்கு நடுவே முகக்கவசத்தோடு நின்று பேசியவர்கள் அவர்கள்தான். அந்த நேரத்தில் ஸ்டூடியோவில் கோட்டு கசங்காமல் உட்கார்ந்து ‘சொல்லுங்க, அங்கே நிலவரம் எப்படி இருக்கு?’ என்று கேட்டவரைவிட இவருக்குத்தான் மரியாதை செய்ய வேண்டும். ஆனால் நிருபரிடம் நம் ஜனம் கேட்பதே வேறு. அவர் பேசி முடித்து மைக்கை இறக்கியதும் பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து, “சார், இது எந்த சேனல்? எத்தனை மணிக்குப் போடுவீங்க?” என்பார். இன்னொருவர், “நம்ம மூஞ்சி தெரியுமா சார்?” என்பார். அதாவது, இவர்கள் நிருபரின் கையெழுத்தை வாங்க வரவில்லை, தங்கள் கையெழுத்தைச் செய்தியில் போட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். நிருபரும் மழையில் நனைந்ததோடு தன் சாட்சியத்தை உடம்பாலேயே கொடுத்துவிட்டார். நனையாதவரிடம்தான் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.

செல்ஃபி இருக்கும்போது ஆட்டோகிராஃப் எதற்கு என்று இளவட்டங்கள் கேட்கலாம். செல்ஃபியில் நீங்களும் அவரும் தோளோடு தோள் நின்றதற்குத்தான் சாட்சி இருக்கிறது. அவர் சொன்னது என்ன என்பதற்கு இல்லை. மேலும் செல்ஃபியில் மாட்டிக்கொள்பவர் நீங்கள். நாளைக்கு அவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் ‘உனக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?’ என்று உங்கள் மாமனார் கேட்பார். செய்தி வாசிப்பவர்கள் கட்சியில் சேருவது ஒன்றும் கற்பனை அல்ல, அப்படிச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். யூடியூபில்தான் எல்லாம் பதிவாக இருக்கிறதே என்பதற்கும் அதே பதில்தான். பதிவான பேச்சை மறுப்பதற்கு ‘திரித்துவிட்டார்கள்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பச்சை மையை மறுக்க இன்னும் சொல் கண்டுபிடிக்கவில்லை.

நடைமுறைச் சிக்கல் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தூர்தர்ஷன் காலத்தில் செய்தி வாசிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். 2011இல் புதிய தலைமுறை, அடுத்த வருஷம் தந்தி டிவி, 2014இல் நியூஸ்7 என்று இருபத்துநான்கு மணி நேரச் சேனல்கள் வரிசையாக வந்த பிறகு, பகலில் ஒரு முகம், ராத்திரி ஒரு முகம், விடியற்காலை ஜோசியத்துக்கு முன்னால் ஒரு முகம். விவாதம் நடத்துகிறவர்கள் தனி ரகம். அவர்களிடம் நோட்டை நீட்டினால், “நான் நேரடியாகக் கேட்கிறேன், ஏன் இப்போது கையெழுத்துக் கேட்கிறீர்கள்? இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? ஆமா, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்” என்பார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள் நம் பக்கத்துக் கட்டத்தில் இருப்பவருக்குப் போய்விடுவார்கள். கடைசியில் நேரமின்மை காரணமாகக் கையெழுத்து அடுத்த நிகழ்ச்சிக்குத் தள்ளிப்போகும். இவர்களை விட்டுவிட வேண்டியதுதான். கேள்வி கேட்பவர் எதற்கும் பொறுப்பாளி ஆக மாட்டார் என்பது நம் கிராம சபைகளுக்கும் தெரிந்த விஷயம்.

மற்றவர்களைப் பிடிப்பது கஷ்டமில்லை. பிடித்தாலும் வாங்க முடியாத ஒரு சந்தர்ப்பம் குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே வாய்த்தது. செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி இருக்கிறது. பிக் பாஸ் வீடு அங்கேதான். 2019இல் மூன்றாவது சீசனில் பாத்திமா பாபு அந்த வீட்டுக்குள் போனார், முதல் ஆளாக வெளியே வந்தார். தமிழ்நாட்டுக்கு அத்தனை வருஷம் செய்தி சொன்னவர் இரண்டு வாரம் இந்த ஏரிக்கரையில், உலகத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு செய்தியும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி நாம், நடுவே சுவரும் காவலும். ஏறிக் குதித்துப் போயிருந்தாலும் பலன் இல்லை. அந்த வீட்டில் பேனாவும் தாளும் அனுமதி கிடையாது.

இனி எதிர்காலம் என்று ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம் விவசாயிகளுக்கான டிடி கிசான் சேனல், கிருஷ், பூமி என்று இரண்டு செயற்கை நுண்ணறிவுச் செய்தி வாசிப்பாளர்களை இறக்கியது. ஐம்பது மொழி பேசுவார்களாம், களைப்பு கிடையாதாம், மண்டி விலையும் மழை நிலவரமும் இராப்பகலாகச் சொல்லுவார்களாம். கோட்டும் கச்சிதம், சிரிப்பும் அளவு. கையில் பேனாவும் கொடுத்துவிடலாம், அதுவும் படம்தானே. என் திட்டத்தைக் குலைக்க அரசாங்கமே யோசித்துச் செய்த காரியம்போல இருக்கிறது. மழை வராது என்று கிருஷ் சொல்லி, மழை வந்து, குத்தம்பாக்கத்து வயலில் நெல் சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். இழப்பீட்டுக்கு மனுப் போட அடங்கல் நகல் வேண்டும். அதில் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வேண்டும். அவர் சாப்பிடப் போயிருக்கிறார், நாலு மணிக்கு மேல் வரச் சொன்னார்கள்.