ஒரு சைபர் கூடினால்

கேள்வி: ராஸ்பெரி பை 3 போர்டில் நானே எழுதிய குட்டி கெர்னலை ஏற்றினேன். கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை. போர்டோ வாயே திறக்கவில்லை. ஏன்?

பதில்: விலாசம் மாறியிருக்கும். அந்த போர்டு வழக்கமாக 32 பிட் கெர்னலை ஹெக்ஸ் 8000-இலும், 64 பிட் கெர்னலை 80000-இலும் இறக்கிவைக்கும். ஒரு சைபர்தானே என்கிறீர்களா? ஹெக்ஸ் கணக்கில் அது 16 மடங்கு. 32 கிலோபைட் எங்கே, 512 கிலோபைட் எங்கே! லிங்கர் ஸ்கிரிப்டில் அந்த விலாசத்தைத் திருத்துங்கள். கம்பைலரும் 64 பிட்டுக்கானதுதானா பாருங்கள். ஃபைலுக்கு ‘கெர்னல்8’ என்று பெயர் வைத்தால், மொய்க் கவர் மேல் எழுதிய தொகையை நம்புவதுபோல ஃபர்ம்வேரும் 64 பிட் என்றே நம்பிவிடும். (அந்த போர்டின் சிப் 2016-லேயே 64 பிட்; அதிகாரபூர்வ 64 பிட் ஓ.எஸ். வெளியானதோ 2022-இல். நீங்கள் ஒன்றும் தாமதித்துவிடவில்லை.)