அல்வா ஊரில் ஆவாரைக் கசாயம்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலை நடக்கிற அண்ணாச்சிகளிடம் "சுகர் இருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. "வெந்தயத்த ராத்திரியே ஊறப் போடுதீரா?" "பாவக்காய்ச் சாறு குடியும்வே, பத்தே நாளு!" நோயாளி ஒருவர், வைத்தியர் பத்துப் பேர். நீரிழிவைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடைப்பேச்சுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது போலும்.

ஊர் அப்படி. மேற்கே அகத்தியர் பேர் சொல்லும் பொதிகை. இங்கேயே 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம் என ஏழு சரக்கு சேர்ந்த ஆவாரைக் குடிநீர் மதுமேகம் என்கிற நீரிழிவுக்குப் பேர்போனது. படித்த சித்த மருத்துவர் ஆளைப் பார்த்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்துத்தான் கொடுப்பார். சுகர் வந்த நம் அண்ணாச்சி ஒருவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. மச்சினன் சொன்ன சூரணம், வேங்கைமரக் குவளையில் ஊறிய தண்ணீர், மாடித் தொட்டியில் வளரும் 'இன்சுலின் செடி' இலை, சீனிக்குப் பதிலாக உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி. (கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், அதை அவரிடம் யார் சொல்வது?) இதற்கெல்லாம் மேலே மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை.

எதையும் விடுவதில்லை, யாரிடமும் சொல்வதுமில்லை. கசாயத்தைச் சொன்னால் இங்கிலீஷ் டாக்டர் ஏசுவாராம். மாத்திரையைச் சொன்னால் சித்த மருத்துவர் வருத்தப்படுவாராம். இரண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தடாலென்று இறக்கி, பதினோரு மணிக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டினால், "என்னா வெயிலு!" என்று பழியைச் சூரியன் மேல் போட்டுவிடுவார்.

மெட்பார்மினுக்கே மூதாதை ஐரோப்பாவின் கலேகா என்ற செடிதான். அதன் சத்தைத் தொடர்ந்து போன ஆராய்ச்சியில் பிறந்த மருந்தை 1957இல் பிரான்சின் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மகள் இதைச் சொன்னபோது அண்ணாச்சி துள்ளிவிட்டார். "அப்ப அதுவும் பச்சிலதானளா!"

அவரை உண்மையில் அசைத்த பச்சிலை சிறுகுறிஞ்சான். மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கு இனிப்பை மறந்துவிடும். சீனி மணலாக நெருநெருக்கும். இலையை மென்றுகொண்டே ஒருநாள் சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் பக்கம் போனார். சுடச்சுட, நெய் ஒழுக, வாழையிலையில் அல்வா. வாயில் போட்டால் நெய் தெரிகிறது, சூடு தெரிகிறது. தித்திப்பை மட்டும் காணோம்.

"நூறு கிராம் வீணாப் போச்சே!" என்று இரண்டு நாள் புலம்பினார். இருந்தாலும் சிறுகுறிஞ்சானை அவர் கைவிடவில்லை. இப்போதும் தவறாமல் மெல்லுகிறார், அல்வா தின்று முடித்த பிறகு.