முதல் பல்பு யாருக்கு?

வாசகர், குவெம்புநகர், மைசூரு:
எண்ணெயும் எரிவாயுவும் இருக்கும் நாடுகளைச் சுற்றி வல்லரசுகள் அடிக்கடி அணி மாறுகின்றனவே! எங்கள் ஊர் இப்படி ஒரு கூத்தைக் கண்டதுண்டா?

பதில்: அந்தக் கூத்துக்கு மேடையே உங்கள் ஊர்தானே! 1780இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்ப்பதாகக் கைகோத்த மராத்தியரும் நிஜாமும், 1790இல் ஆங்கிலேயரோடு சேர்ந்து அவர் மகன் திப்புமேல் பாய்ந்தார்கள். இடையில் பத்து வருஷம். நம் கட்சிகளுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

எரிசக்தி அரசியல் பிறகு வந்தது. 1902இல் சிவனசமுத்திரத்தில் காவிரி மின்சாரம் பிறந்தது. திட்டம் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தது. ஜெனரேட்டர் அமெரிக்காவுடையது, டர்பைன் சுவிட்சர்லாந்துடையது, தண்ணீர் மட்டும் நம்முடையது. மின்சாரம் முதலில் எங்கே போயிற்று? சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்து, நேரே கோலார் தங்கவயலுக்கு! அங்கே லண்டன் கம்பெனிகள் தங்கம் தோண்டிக்கொண்டிருந்தன. குழியில் இறங்கியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். பெங்களூருக்கு 1905இல் வெளிச்சம் வந்தது. கூப்பிடு தூரத்து மைசூருக்கோ 1908இல்தான். மகாராஜா ஊரே வரிசையில் நின்றது, பாருங்கள்!

தங்கச் சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். சிவனசமுத்திரத்தில் டர்பைன் இன்னும் சுற்றுகிறது.