லகிமா சித்தர்

பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்தெறிந்துவிட்டு, எஞ்சிய துண்டை நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோய்த் தராசிலிட்டு, குறைந்தது இத்தனை கிராம் என்று தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு திரிகிற அன்பரை நீங்களும் அறிவீர்கள். சென்னையிலும் கோயமுத்தூரிலும் அவர் இருப்பது ஆச்சரியமன்று. பூதலூரில் இருப்பதுதான் விசேஷம். வைக்கோற்போரையும் கல்லணைக் கால்வாயின் கரையையும் தவிர, ஏறி இறங்குவதற்கு மேடு என்று சொல்லத்தக்கது எதுவும் எங்கள் பக்கத்து வயற்காட்டில் கிடையாது. மேட்டூர் அணை எழுந்த 1934-ஆம் ஆண்டுக் காலத்தில், காவிரி எட்டிப் பாராத பூமிக்கும் நீர் போகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு வெட்டப்பட்ட அந்தக் கால்வாயின் கரைமீது, விடியற்காலையில் முதுகுப் பையோடு விடுவிடென்று நடந்து அன்பர் மலையேற்றத்துக்கு ஒத்திகை பார்க்கிறார். மாடு மேய்ப்பவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

அவருடைய சித்தாந்தம் சுருக்கமானது: சுமை குறைந்தால் வேகம் கூடும். இதில் பிழையொன்றுமில்லை. பையின் அடிப்படை எடை பத்துப் பவுண்டுக்குள், அதாவது ஏறக்குறைய நாலரைக் கிலோவுக்குள், அடங்க வேண்டும் என்பது அமெரிக்க மலைநடையாளர் வகுத்துக்கொண்ட லட்சணம். குடிக்கும் நீர், உண்ணும் உணவு, அடுப்புக்கான எரிபொருள், உடம்பில் உடுத்தியிருப்பவை ஆகியன அக்கணக்கில் சேரா. இந்தக் கடைசி விதிவிலக்கைப் படித்த நாள் முதலாக அன்பரின் வாழ்க்கை மாறிவிட்டது. பதரையும் களத்துச் செலவையும் தள்ளிக் கணக்கெழுதும் பழைய மிராசு கணக்குப்பிள்ளையைப்போல், கைவிளக்கு, கத்தி, மருந்துப் பொட்டலம், குரங்குக் குல்லாய் எல்லாவற்றையும் சட்டைப் பைகளிலும் கால்சட்டைப் பைகளிலும் திணித்து, ‘உடுத்தியவை’ என்ற பத்தியில் எழுதித் தள்ளிவிட்டு, காற்றுப்போன பலூன் போன்ற பையைத் தராசில் வைத்துப் பரவசமடைகிறார்.

நிறுப்பது அவருக்கு வழிபாடு. சட்டைக் கழுத்திலுள்ள துணிச்சீட்டைக் கத்தரித்து நிறுக்கிறார். சோப்பை நான்காக அறுத்து நிறுக்கிறார். தீப்பெட்டியைத் திறந்து, போகிற நாட்களுக்கு வேண்டிய குச்சிகளை எண்ணிவைத்து மற்றவற்றை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியில் உரசும் பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து அதையும் நிறுக்கிறார். பத்தர் கடையில் தராசு ஒழியவில்லையென்றால், நெல் கொள்முதல் நடக்கும் களத்துக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். நாற்பது கிலோ மூட்டைகளைத் தலையில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோகிறவர்களை நிறுத்தி, லகுவாய்ச் சுமப்பதன் மேன்மையைப் பற்றி ஒருநாள் உபந்நியாசம் செய்தார். பொறுமையாகக் கேட்ட ஒரு பெரியவர், அந்தப் பையை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்து, “இதுக்குக் கூலி யாரு ஐயா குடுக்குறா?” என்று விசாரித்தார்.

எடை குறையக் குறைய விலை ஏறும் என்பது இந்தச் சாஸ்திரத்தின் மறுபாதி. டைட்டானியத்தில் ஒரு கரண்டி வாங்கினார். அதன் கிரயத்தில் எங்கள் வீட்டுக் கரண்டிகள் அத்தனையையும் மாற்றியிருக்கலாம். அந்தக் கரண்டி வெள்ளியங்கிரியில் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தம் கட்சிக்கு ஆதாரமாக அவர் எம்மா கேட்வுட் என்ற பாட்டியை எந்நேரமும் இழுப்பார். 1955-இல், அறுபத்தேழு வயதில், பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அந்த அம்மாள், தானே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணக் கித்தான் காலணியோடு, மழைக்குக் குளியலறைத் திரையைப் போர்த்திக்கொண்டு, அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தடத்தில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து முடித்தாள் என்பது மெய்தான். நான் கேட்பதெல்லாம், அந்த அம்மாளின் டைட்டானியக் கரண்டி எங்கே என்பதுதான்.

ஏழு மலை ஏறவேண்டிய வெள்ளியங்கிரிக்குப் போனோம். அடிவாரத்தில் எல்லோரும் மூங்கில் தடி வாங்கியபோது, அன்பர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். இருட்டில் எங்களை முந்திக்கொண்டு படியேறி மறைந்தவர், ஒவ்வொரு மலையின் முடிவிலும் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். மலைநடையின் ரகசியத்தை உபதேசிக்கக் காத்திருப்பதாக எண்ணினேன், தண்ணீருக்காகக் காத்திருந்தார். ஆறாம் மலையில் ஆண்டிச் சுனையில் முழுகியெழுந்து என் துண்டை வாங்கித் துவட்டிக்கொண்டார். ஏழாம் மலையின் காற்றில் என் போர்வை அவர் போர்வையாயிற்று. என் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, டைட்டானியக் கரண்டி முதன்முதலாக வெளிவந்தது. கையால் உண்ட எங்களைவிட வேகமாகவே உண்டார். அவர் அறுத்தெறிந்த கைப்பிடியின் எடை, துறந்த துண்டின் எடை, கொண்டுவராத தண்ணீரின் எடை அத்தனையும் எங்கும் போய்விடவில்லை. என் தோளில்தான் இருந்தது. சொல்லப்போனால் எனக்கு அன்று கோபம்தான் வந்தது. இப்போதும் வருகிறது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. இறங்கும்போது, முழங்கால் பிடித்துக்கொண்டு ஒரு மூதாட்டி படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் தோள்களில் இடமில்லை. நாங்கள் அனுதாபத்தை மட்டும் தெரிவித்தோம். அன்பரோ ஒரு வார்த்தை பேசாமல் அம்மூதாட்டியின் துணிமூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, தம் வேகத்தையெல்லாம் மறந்து, அவருக்குக் கைகொடுத்து, படிப்படியாக அடிவாரம் வரை அழைத்துவந்தார். பூண்டிக் கோயில் வாசலில் மூட்டையை இறக்கியதும் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, “மூணேகால் கிலோ இருக்கும் அண்ணே, உள்ள ஒரு எவர்சில்வர் சொம்பு இருக்கு, அதை மட்டும் மாத்தச் சொல்லணும்” என்றார். துடைத்தது என் துண்டால்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகலாம் என்று இப்போது சொல்லியிருக்கிறார். அங்கே உறையும் சித்தர்கள் யோகத்தால் அடைந்த, உடலை இலேசாக்கும் லகிமாவைக் கத்தரிக்கோலால் அடையப் பார்க்கிறவர் அல்லவா, தாணிப்பாறை வழியில் பையே இல்லாமல் ஏறிப் பார்ப்பதாக உத்தேசமாம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

“அதான் நீங்க வர்றீங்களே அண்ணே” என்றார்.