கத்தரிக்காய்க்குள்ளிருந்து ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்:
மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு,
மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், புது தில்லி.

ஐயா,

கத்தரிக்காயைக் குடைந்து குடியிருக்கும் காய்ப்புழு எழுதிக்கொள்வது. தங்கள் தயவால் நலம்.

2009 அக்டோபரில், எங்களைக் கொல்லும் மரபணுவைச் சேர்த்த பிடி கத்தரிக்குத் தாங்கள் சம்மதம் சொன்னபோது எங்கள் குலமே நடுங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வேறு, கோ 2, பாலூர் 1 என்று உள்ளூர் ரகங்களிலேயே அந்த மரபணுவைப் புகுத்தி வைத்திருந்தது. நல்லவேளை, அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் கூட்டம் போட்டுக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். இன்னும் ஆய்வு வேண்டும் என்றார். நியாயம்தான், வாயில் போடுகிற பொருளாயிற்றே. அந்த ஆய்வுக்குக் காத்திருந்தே என் முன்னோர் பல தலைமுறை போய்ச்சேர்ந்துவிட்டார்கள். 2020-இல் எட்டு மாநிலங்களில் வயல் சோதனைக்கு அனுமதித்துப் பயமுறுத்தினீர்கள். மாநில அரசின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதற்கிடையில் விவசாயி சும்மா இருப்பாரா? மருந்தடிக்கிறார். பூச்சி கூடினால் வாரம் இருமுறைகூட. நான் முட்டையைவிட்டு வந்த சூட்டோடு காய்க்குள் புகுந்து, வந்த வழியை என் கழிவாலேயே அடைத்துக்கொள்வேன். மருந்து தோலோடு நின்றுவிடும். அந்தக் காய்தான் சந்தைக்குப் போகிறது. அதை எந்தக் குழு எத்தனை ஆண்டு ஆராய்ந்தது என்று நான் கேட்கப்போவதில்லை; எனக்கெதற்கு ஊர்வம்பு?

வங்கதேசத்து உறவுக்காரர்கள்தான் பாவம், 2013-லேயே அங்கே அனுமதித்துவிட்டார்கள். இங்கும் 2019-இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் அனுமதியில்லாத பிடி கத்தரி வயலில் நின்றது, பிடுங்கி அழித்தார்கள். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்!

கோழி விஷயத்தில் தங்கள் அமைச்சகம் காட்டிய தாராளத்தையும் சொல்லவேண்டும். 2021-இல் கோழித் தீவனத்துக்காக மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதியானால் ஆட்சேபணை இல்லை என்றது. முளைக்காத பொருளாம். கோழி தின்னலாம், கோழியை மனிதர் தின்னலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த மரபணு வந்தாலும் நாங்கள் பூண்டோடு அழியமாட்டோம். பருத்தியிலிருக்கும் சித்தப்பா, இளஞ்சிவப்புக் காய்ப்புழு, இரண்டு மரபணு சேர்த்த பிடி ரகத்துக்கே பழகிக்கொண்டார். புழு அப்படிப் பழகாமலிருக்க ஓரத்தில் சாதாரணப் பருத்தி நடவேண்டும் என்ற விதி பெரும்பாலும் ஏட்டோடு நின்றதில் அவருக்குப் பரம சந்தோஷம். அங்கே அனுமதித்துவிட்டு அயர்ந்தீர்கள். இங்கே அனுமதிக்காமலே அயர்ந்திருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்துக்கு இரண்டுமே லாபம்.

ஒரே விண்ணப்பம். கோப்பை மூடவேண்டாம், மூடினால் யாராவது நீதிமன்றம் போவார்கள். திறக்கவும் வேண்டாம். ஆடிப்பட்டத்து நாற்று நட்டாயிற்று, பிள்ளைகுட்டிகளோடு குடிபோகவேண்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத காய்ப்புழு