வெட்டு தப்பு!

மலாக்காவில் எங்கே ஓவியக் கண்காட்சி நடந்தாலும் ஓய்வுபெற்ற ரப்பர் தோட்ட மண்டோர் ஐயா ஒருவர் நமக்கு முன்பே வந்து நிற்பார். ஜாசின் பக்கத்துக்காரராக இருக்கலாம், அலோர் காஜா பக்கமாகவும் இருக்கலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நகர்வதைப் பார்த்தால் ரசிகர் என்றே தோன்றும். ஆனால் அவர் படம் பார்க்க வரவில்லை, மரம் பார்க்க வந்திருக்கிறார்.

பால்மரம் வெட்டும் பெண்ணை யாராவது வரைந்திருந்தால் தீர்ந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மூச்சுக்காற்று படிகிற அளவுக்கு நெருங்குவார்.

"வெட்டு தப்பு!"

கூடமே திரும்பிப் பார்க்கும்.

"வலது மேலேருந்து இடது கீழ இழுத்திருக்கான் பாரு தம்பி. இப்படி வெட்டினா பால் வருமா, கண்ணீர்தான் வரும்."

அடுத்த கால் மணி நேரத்துக்கு நாம் நிரையில் நிற்கும் புது ஆள். பட்டைக்குள் பால் நாளங்கள் செங்குத்தாக ஏறுவதில்லையாம். மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாயுமாம். அதனால் இடது மேலிருந்து வலது கீழாகச் சரித்து வெட்டினால்தான் நிறைய நாளங்கள் அறுபடுமாம். சரிவு 30 பாகை. காற்றில் விரலால் வெட்டியும் காட்டுவார். அந்த விரல் பக்கத்தில் நிற்கும் சுற்றுப்பயணியின் மூக்கை உரசும்.

வெட்டு சரியாக இருந்தாலும் ஓவியர் தப்ப முடியாது. "நிழலைப் பாரு, உச்சி வெயில். இந்நேரத்துக்கு எவ மரம் வெட்டுவா? விடியுமுன்ன குளிர்ச்சியில மரத்துக்குள்ள அழுத்தம் இருக்கும், பால் ஓடும். வெயில் ஏறினா மரம் கஞ்சனாயிடும்." பிறகு பெண்ணிடம் வருவார். தலைவிளக்கு எங்கே? இடுப்பில் கொசுவத்தி எங்கே? கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி ஏன் பூ வைத்திருக்கிறாள்? மங்கில் பால் விளிம்புவரை நிற்கிறது; கம்பி மட்டும் இல்லை. மங்கு எதில் தொங்குகிறது, ஓவியரின் கற்பனையிலா?

மற்ற படங்கள் அவர் கண்ணுக்குச் சுவர். 1511இல் போர்த்துகீசியர் வந்திறங்கும் கப்பலா, நகர்வார். அழகன்குளத்தில் பிறந்து சென்னையில் ஓவியம் படித்த நம் சையத் தாஜுதீனின் ராமாயணச் சீதை எதிரே வந்தாலும், அசோகவனத்தில் ரப்பர் மரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் பிழைத்துக்கொள்வாள். செயிண்ட் பால் குன்றில் வலக்கை இல்லாமல் நிற்கும் புனித சவேரியார் சிலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. குறை எல்லாருக்கும் தெரிகிறதே, அப்புறம் அவர் எதற்கு?

நவீன ஓவியத்தின் முன்தான் திணறுவார். வெறும் நீலமும் மஞ்சளும். எது தப்பு என்று சொல்வது? ரொம்ப நேரம் முறைத்துவிட்டுச் சட்டம் கோணலாகத் தொங்குவதைக் கண்டுபிடிப்பார். நேராக்கக் கை நீளும். "ஜாங்ஙான் செந்துலா, அங்கிள்!" என்று தொடவிடாமல் தடுக்கக் காவலர் ஓடி வருவார். ஐயாவின் முகத்தில் அப்போது வருகிற பிரகாசம் இருக்கிறதே, வேறெந்த ஓவியமும் தராதது.

இதில் எரிச்சல் என்னவென்றால், மனிதர் சொல்வது அத்தனையும் சரி. வெட்டு நிஜமாகவே தப்பு. வரைந்த பிள்ளை பட்டணத்தில் வளர்ந்திருக்கும், பால்மரத்தைப் படத்தில் பார்த்திருக்கும். தோட்டமெல்லாம் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிய பிறகு அது எங்கே போய்ப் பார்க்கும்?

ஆகவே ஐயா, நேராகவே கேட்டுவிடுகிறேன். இவ்வளவு தெரிந்த நீங்கள் ஒரு பள்ளிக்கூட நோட்டிலாவது இதை எழுதி வைத்தீர்களா? ஒரு கோடு போட்டுக் காட்டினீர்களா? அந்த ஓவியர் மூலையில் கைகட்டி நின்றாரே, அவரைக் கூப்பிட்டு, "வா தம்பி, கத்தியை இப்படிப் பிடிக்கணும்" என்று சொன்னீர்களா? என்னிடம் சொல்லி என்ன பயன்? எனக்கு நேர்கோடே வராது. தெரிந்தவர்கள் குறை சொல்லிக்கொண்டே இருக்க, தெரியாதவர்கள்தான் வரைந்துகொண்டிருக்கிறார்கள். நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவது அந்தத் தப்பான வெட்டைத்தான்.

அதுவரை, தயவுசெய்து ஓரடி தள்ளி நில்லுங்கள். தப்போ சரியோ, எங்களுக்கும் படம் தெரியட்டும்.