எமர்ஜென்சி சார்

ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். அப்போதே அடுக்குமாடிக் குடியிருப்பின் லிப்ட் வாசலில் ஒரு தாள் ஒட்டியாகிவிடும்: ‘வடகிழக்குப் பருவமழை – நாம் தயாரா?’ அடியில் பெயரோ கையெழுத்தோ இருக்காது. அவசியமும் இல்லை. நாலு மூலையிலும் செல்லோடேப் ஒட்டியது போதாதென்று, சாரல் பட்டு எழுத்து கலையாமலிருக்க மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எமர்ஜென்சி சார் வேலைதான்.

பெயரைக் கேட்டு 1975-க்குப் போய்விட வேண்டாம். எமர்ஜென்சி லைட், எமர்ஜென்சி பேக், எமர்ஜென்சி நம்பர் என்று வாய்க்கு வாய் சொல்வதால் குடியிருப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். பொதுத்துறை நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் பிரிவிலோ, வங்கியில் ஆடிட் பிரிவிலோ இருந்திருப்பார். வரவு, பற்று, இருப்பு என்று கட்டம் போட்ட பேரேடு பக்கத்தில் இல்லாவிட்டால் தூக்கம் வராது. முன்ஜாக்கிரதை முத்தண்ணா என்று பாட்டிமார் கேலி செய்வார்களே, அவருடைய நேர் வாரிசு. முத்தண்ணா குடையோடு நின்றுவிட்டார். இவர் வெளிச்சத்துக்கு லூமன் கணக்குப் பார்ப்பார்.

சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், பள்ளிக்கரணை என்று எந்தப் பக்கம் போனாலும் குடியிருப்புக்கு ஒருவர் உண்டு. 2015 டிசம்பருக்கு முன்னால் இந்த இனம் அபூர்வம். அந்த மாதம் முதல் இரண்டு நாளில் அடையாறு கரை புரண்டு, கரண்ட் போய், செல்போன் டவர் செத்து, பால் பாக்கெட் பல மடங்கு விலைக்கு விற்றபோதுதான் இவர்கள் பெருகினார்கள். 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் வரவே இல்லை. சார் இதை இன்றும் குரல் நடுங்கத்தான் சொல்வார். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். காலையில் பேப்பர் வராததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

டார்ச் லைட் அவருடைய பலவீனம். பேரேட்டில் முதல் வரி, அப்பா காலத்துப் பித்தளை டார்ச். மூன்று பெரிய செல் போடுவது. 2015-இல் அந்த இருட்டில் தேடி எடுத்துப் பொத்தானைத் தள்ளினால் எரியவில்லை. மூடியைத் திருகினால் திறக்கவில்லை. விடிந்த பிறகு இடுக்கி வைத்துத் திறந்து பார்த்தார்; உள்ளே செல் பொங்கி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, குழாயோடு குழாயாக ஒட்டிக் கிடந்தது. மலிவான செல்லின் வெளிக்கூடே துத்தநாகம்தான். கரண்ட் கொடுக்கக் கொடுக்க அந்தக் கூடு கரையும். கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளே இருப்பது கசியும். அன்றிலிருந்து அவர் வீட்டில் டார்ச் ஓரிடம், செல் ஓரிடம். இது சரியான ஏற்பாடு, யாரும் குறை சொல்ல முடியாது. செல் வைத்த டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மூன்றாவது இடத்தில் வைத்ததுதான் கொஞ்சம் அதிகம்.

புது டார்ச்சுக்கு ரிச்சி தெரு. அவர் உள்ளே நுழைந்தாலே கடைப்பையன் அலமாரியின் மேல் தட்டைப் பார்ப்பான்.

“சார், புதுசா வந்திருக்கு. ஒரு லட்சம் லூமன். மெரினாவுல நின்னு அடிச்சா கப்பல் தெரியும்.”

“தம்பி, நம்ம பழைய அறுபது வாட் குண்டு பல்பே எண்ணூறு லூமன்தான். இது கட்டைவிரல் தண்டி இருக்கு. இதுலயா ஒரு லட்சம்?”

“அட்டையில போட்டிருக்கு சார்.”

“அட்டையில என்ன வேணா போடுவான். எத்தனை மணி நேரம் எரியும்?”

“அது தெரியாது சார். உங்களுக்கு எதுக்கு, திருடன் புடிக்கவா?”

“பாத்ரூம் போக.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மின்வெட்டில் நமக்கு வேண்டியது தூரத்துக் கப்பல் இல்லை. கால் பக்கத்தில் கிடக்கும் ஸ்டூல். நூறு லூமன் டார்ச்சை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் அறை முழுக்க வெளிச்சம் பரவும், சாப்பிடலாம், மருந்துச் சீட்டுப் படிக்கலாம். எத்தனை தூரம் அடிக்கும் என்பதை விட எத்தனை நேரம் எரியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டும்படி இதை விளக்கிவிட்டு, பில் போடும்போது அந்த ஒரு லட்சம் லூமனையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவார். “இருக்கட்டும், ஆபத்துக்கு ஆகும்.”

தலையில் மாட்டும் விளக்கு ஒன்றும் வைத்திருக்கிறார். இரண்டு கையும் சும்மா இருக்குமாம். உண்மைதான். சங்கடம் என்னவென்றால், யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரோ அவர் கண்ணில் வெளிச்சம் நேராகப் பாயும். மாடிப்படியில் எதிரே வருபவர்கள் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கண்ணை மறைப்பார்கள். சார் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதில் வணக்கம் வைப்பார், தலையைத் தாழ்த்தி. அப்போதுதான் எதிராளிக்குப் படி தெரியும்.

கரண்ட் போனாலும் எரிகிற ரீசார்ஜ் பல்பு வந்த புதிதில் அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! அதன் அடியில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரே கையால் தொட்டால் பல்பு கையிலேயே எரியும். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, “பாருப்பா, வயர் இல்ல, ஹோல்டர் இல்ல” என்று காட்டினார். வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். “அங்கிள், உங்களுக்கு ஷாக் அடிக்கலையா?” என்று ஒருத்தி கேட்டதும், உள்ளே பேட்டரி இருப்பதையும், விரல் வழியாகச் சுற்று முடிவதையும், ஓடுவது வெகு சொற்பமான கரண்ட் என்பதையும் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். எரியும் பல்பைக் கையில் பிடித்தபடியே விளக்கினார். அன்று ராத்திரி நிஜமாகவே கரண்ட் போனபோது பல்பில் சார்ஜ் இல்லை.

மெழுகுவத்தியை அவர் வீட்டுக்குள் விடமாட்டார். திரைச்சீலையும் கேஸ் சிலிண்டரும் இருக்கிற இடத்தில் எதற்கு என்பார். சரிதான். தீப்பெட்டி உண்டு, மழைக்காலத்தில் நமுத்துப்போகாமலிருக்க உறைக்குள் உறைக்குள் உறை. பவர்பேங்க் பற்றி அவரிடம் கேட்கவே கூடாது. இருபதாயிரம் எம்ஏஎச் என்று போட்டிருந்தால் ஐயாயிரம் எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை நாலு தடவை ஏற்றலாம் என்று நாம் வகுத்துக்கொள்வோம். “அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். வோல்ட் மாறும்போது, சூடாகும்போது எவ்வளவு போகுது தெரியுமா? ரெண்டரைத் தடவைதான் வரும்” என்பார். வரும் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார், போன பருவமழைக்கு முந்தைய முழு வாரமும்.

எமர்ஜென்சி பேக்கில் பணம் வைக்க வேண்டும் என்பதும் அவர் விதி. கரண்ட் இல்லாவிட்டால் ஏடிஎம் கிடையாது, கார்டு தேய்க்க முடியாது. 2015 பாடத்துக்குப் பிறகு புத்தம் புது ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, பையின் அடியில் வைத்தார். அப்படியே மறந்தும் போனார். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். ஊரெல்லாம் மரம் சாய்ந்து, கம்பி அறுந்து கிடக்கிறது. சார் வெற்றிப் புன்னகையோடு பையைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனார். நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரியே செல்லாது என்று அறிவித்த நோட்டு! கடைக்காரர் கையால்கூடத் தொடவில்லை. இப்போது பத்து, இருபது, ஐம்பதுதான் வைக்கிறார். தினமும் செய்தியும் பார்க்கிறார்.

சார் வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். லூமனும் எம்ஏஎச்சும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. மழை என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்கு வாட்டர் கேன் போடும் பையனிடம் நாலு கேன் கூடுதலாகச் சொல்லிவிடுவார். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு ஐந்து நாளைக்கு எண்பது லிட்டர், அதாவது நாலு கேன். இந்தக் கணக்கைச் சார் ஒரு பக்கம் முழுக்கப் போட்டு வைத்திருக்கிறார். அம்மா மனசிலேயே போட்டு முடித்தவர். சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டால், மோட்டார் நின்றுவிட்டால், அந்த நாலு கேன்தான் குடும்பம். சார் வாங்கி அடுக்கிய பிஸ்கட்டுகள் பேக்கிலேயே காலாவதியாகும், இல்லாவிட்டால் பேரன் வயிற்றுக்குப் போகும். அம்மா வைத்திருப்பது அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பால் பவுடர். இருக்கிறதை வாராவாரம் சமையலுக்கு எடுத்து, புதியதை நிரப்பிக்கொண்டே இருப்பார். உப்பு-சர்க்கரைக் கரைசலுக்குப் பாக்கெட் தீர்ந்தாலும் கவலையில்லை: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர், ஆறு சின்ன ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. சார் வாங்கிய ஐம்பது அடி நைலான் மீட்புக் கயிற்றில் மொட்டைமாடியில் துணி காய்கிறது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, அதை அப்படியே சார் தன் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறார். 1-ஆம் எண் என்றால் எல்லா போனையும் சார்ஜ் போட வேண்டும். 3 என்றால் சொத்துப் பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பிளாஸ்டிக் பைக்கு ஏற வேண்டும். இதில் கேலிக்கு இடமில்லை. 2015-இல் ஆவணங்களை இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு தனி முகாமே நடத்த வேண்டியிருந்தது. 5 என்றால் கார் வேளச்சேரி மேம்பாலத்துக்கு. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் அந்தப் பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். முதல் கார் யாருடையது என்று கேட்கவே வேண்டாம். அன்று எதிர்பார்த்த பெருமழை வரவில்லை, ஆட்டோ பிடித்துப் போய்க் காரை எடுத்து வந்தார். கூண்டு எண் 11 வரை உண்டு. 11 ஏறினால் வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அவர் வீட்டில் 11 என்றால் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

எல்லாம் இருந்தும் கரண்ட் போகும் அந்த நிமிஷம் வரும். “யாரும் அசையாதீங்க! என்கிட்ட லைட் இருக்கு!” என்று குரல் வரும். லைட் இருப்பது பரணில். பரணுக்கு ஏற ஸ்டூல் வேண்டும். ஸ்டூல் எங்கே என்று பார்க்க லைட் வேண்டும். உருளும் சத்தம், “ஐயோ முட்டி” என்ற சத்தம், பூட்டைத் தடவும் சத்தம். அதற்குள் அம்மா சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த செல்போன் வெளிச்சத்தில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பார்.

அவருடைய நிஜமான துக்கம் இது எதுவும் இல்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகும். சாரின் நடையே மாறும். நாலு டிவி சானல், தமிழ்நாடு வெதர்மேன் பதிவு, செயற்கைக்கோள் படம் எல்லாம் பார்த்து, வட்டம் எங்கே வருகிறது என்று சுவரில் மாட்டிய வரைபடத்தில் குண்டூசி குத்துவார். 1913, 1070, 1077, மின்னகம் 94987 94987 என்று உதவி எண்களோடு பிரிட்ஜ் கதவில் புதுத் தாள் ஏறும். ஏழு டார்ச்சும் மேஜையில் அணிவகுக்கும். கடைசி நேரத்தில் புயல் லேசாக வடக்கே வளைந்து ஆந்திராவுக்குப் போய்விடும். ஊரே பெருமூச்சு விடும். சார் மட்டும் பால்கனியில் நின்று, தெளிந்த வானத்தைப் பார்த்து, “ஓங்கோல் பக்கம் போயிடுச்சாம்” என்பார். அந்தக் குரலில் இருப்பது நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கெட்ட எண்ணம் உள்ளவரும் இல்லை, ஊர் மூழ்க வேண்டும் என்று நினைப்பவரும் இல்லை. கஷ்டப்பட்டுப் படித்த பாடத்திலிருந்து பரீட்சையில் ஒரு கேள்விகூட வராத வருத்தம்.

அவரைப் பார்த்துச் சிரிக்கிற நாம் என்ன யோக்கியம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். போன் அணைகிற வரைக்கும் சாரைப் பற்றி மீம் போட்டுக்கொண்டிருந்த மூன்றாம் மாடிக்காரர்தான் முதலில் அவர் கதவைத் தட்டினார். பின்னாலேயே நாலாம் மாடி, இரண்டாம் மாடி, வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளை. சார் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலை விளக்கை மாட்டிக்கொண்டு, பேரேட்டைத் திறந்து, வீட்டு எண், டார்ச் வகை, செல் எண்ணிக்கை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கைக்குழந்தை இருந்த வீட்டுக்கு மட்டும் இரண்டு. ஒரு லட்சம் லூமனைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அது ஒன்றரை மணி நேரம்தான் எரிந்தது.

பேரேட்டில் பற்றுப் பக்கம் நிரம்பி வழிகிறது. வரவுப் பக்கம் காலி. மானஸ்தர், வாய் விட்டுத் திருப்பிக் கேட்கமாட்டார். ஒருவேளை உங்கள் டிவி மேஜை டிராயரில் ரிமோட்டுகளுக்கு அடியில் யாருடையது என்று தெரியாத டார்ச் ஒன்று கிடந்தால், செல் பொங்குவதற்குள் கழற்றி எடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுங்கள். பேரேட்டில் வரவுப் பக்கத்தில் மறக்காமல் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.